வஞ்சரம் வேண்டுமென்றால் மத்தியைப் பார்

வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பது வயது தாண்டிய ஓர் ஆரோக்கியமான ஆளைச் சோதித்து முடிக்காவிட்டால் என் ஆய்வேடு இன்னொரு வருடம் தள்ளிப்போகும் என்று என் வழிகாட்டி ஜெயகிருஷ்ணன் சார் கறாராகச் சொல்லிவிட்டார். காட்டாங்குளத்தூர் கல்லூரியின் இருட்டறையில் ஏற்கெனவே ஐந்து வருடம் குப்பை கொட்டியாயிற்று. இன்னொரு வருடம் என்றால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

சோதனை சொல்ல எளிது. திரையில் ஒரு பக்கம் புள்ளி மின்னும். அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கண் எந்தப் பக்கம் போகிறது என்று மெஷின் குறித்துக்கொள்ளும். மின்னியதும் கண்ணை அங்கே இழுப்பது நடுமூளை. அதன் காதைத் திருகி அடக்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. குரங்குகளுக்கு இதைப் பழக்க மாதக்கணக்காகும். அதுவும் சரியாகப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் ஜூஸ் கொடுத்து.

மனிதர்களுக்குப் பாதியாவது சரியாக வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம். சேலையூரில் எங்கள் காலனிப் பெரிசுகள் அத்தனை பேரையும் கூட்டிவந்து பார்த்துவிட்டேன், ஒருவரும் தேறவில்லை. என் அப்பா யக்ஞநாராயணனுக்கு நாற்பதில் முப்பத்தேழு தப்பு. பக்கத்து வீட்டு கேட் சத்தம் கேட்டாலே எட்டிப்பார்க்கிற மனுஷர், வேறென்ன ஆகும்? "மெஷின்ல ஏதோ கோளாறு, மிருதுளா" என்றார்.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை, கல்லூரி வாசலில் மீன் விற்கும், ஐம்பதைத் தாண்டிய ரேணுகாம்பாளைக் கெஞ்சினேன். குரங்குக் கதையைக் கேட்டதும், "கொரங்குக்கே ஜூஸ் குடுக்குறாங்க, எனக்கு இன்னா தருவே?" என்றாள்.

"உங்களுக்கும் ஜூஸ்தான்க்கா."

நாற்பதுக்கு நாற்பது சரி! அவளையும் கூட்டிக்கொண்டு போய், துள்ளிக் குதித்தபடி சாரிடம் காட்டினேன். சார் உதட்டைப் பிதுக்கினார். "இப்படி யாருக்கும் வராது. மெஷின் கோளாறு, இல்லன்னா நீ சொல்லிக் குடுத்திருக்கே. தூக்கிப் போடு."

ரேணுகாம்பாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா சார், பேஜார் பண்றே? முப்பது வருசமா கோவளத்துக் கரையில மீன் ஏலம் எடுக்குறேன். வோணுங்கற கூடையப் பாத்தா, ஏலக்காரன் கண்டுகினு வெலைய ஏத்திடுவான். வஞ்சரம் வோணும்னா மத்தியத்தான் பாப்பேன்."

"கதை நல்லாருக்கு" என்று சிரித்தார் சார்.

"வா சார், காட்றேன்." அவரை வாசலுக்கே அழைத்துப்போய், மீன் கூடைமேல் கிடந்த ஈரச் சாக்கை விலக்கினாள். சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மத்தி என்ன விலை?" என்றார்.

"வாய்தான் மத்தி கேக்குது. கண்ணு மொதல்ல வஞ்சரத்தாண்ட போச்சு சார். அதுக்கு இன்னிக்கி வெல ஜாஸ்தி."

சாரின் முகம் சிவந்துவிட்டது. பேரம் பேசாமல் ஒரு கிலோ வஞ்சரம் வாங்கிக்கொண்டு, "டேட்டாவச் சேத்துக்கோ" என்று என்னிடம் முனகிவிட்டு நடையைக் கட்டினார்.

நான் கேன்டீனுக்கு ஓடி இரண்டு ஜூஸ் வாங்கி வந்தேன். ஒன்று மாம்பழம், ஒன்று எலுமிச்சை.

"எது வேணும்க்கா?"

"எதுனா குடு பாப்பா" என்றவள் எலுமிச்சையையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

நான் மாம்பழத்தை நீட்டினேன்.

"தேறிட்டே" என்றாள்.