புயல் வாரத்து லெட்டூஸ்

டென்மார்க்கில், ஜூட்லாந்தின் மேற்குக் கரையில் புயல் அடித்தால் டோர்த்தெக்குச் சந்தோஷம். காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். மின்சாரம் ஏறக்குறைய ஓசியில் கிடைக்கும். ஒரு ஜன்னல்கூட இல்லாத கிடங்குக்குள், கூரை முட்டும் அடுக்குகளில் விளக்கு வெளிச்சத்தில் லெட்டூஸ் கீரை வளர்க்கிறவளுக்கு வெயில் என்பதே மின்சாரம்தானே.

அந்த வாரம் முழுக்கப் புயல். சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் கொள்முதல் செய்யும் ஹென்னிங் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அவர் ஒப்பந்தம் போட்டால்தான் பண்ணை பிழைக்கும் என்று முதலாளி யெஸ்பர் சொல்லியிருந்தான். டோர்த்தெ விளக்குகளை முழு வெளிச்சத்தில் எரியவிட்டாள். செடியின் சக்திக்கு மேல் வெளிச்சம் ஊட்டினால் குருத்து கருகும் என்பது அவள் அறியாததல்ல. போதும் என்று மனதின் ஓரத்தில் ஏதோ முணுமுணுத்தது. ஆனாலும் சும்மா கொட்டுகிற வெளிச்சத்தை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.

பண்ணையில் வெள்ளிக்கிழமைக் காலை உணவை ஆளாளுக்கு முறைவைத்து வாங்கி வருவார்கள். அன்று அவள் முறை; சுடச்சுட பன்னும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வாங்கி வந்திருந்தாள். பன்னோடு சேர்த்துக் கடிக்க ஹென்னிங் ஒரு லெட்டூஸைக் கையால் பிளந்தார். வெளியே பச்சைப் பட்டு. உள்ளே குருத்து நுனிகளெல்லாம் கருகியிருந்தன. அடுத்ததும் அப்படியே.

"என்ன டோர்த்தெ, அடுப்புலயா வளர்த்தே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவர் ஒப்பந்தம் போடாமலே போனபின், தட்டுகளைக் கழுவிக்கொண்டே, தன் பேராசைதான் பண்ணையைக் கொன்றது என்று யெஸ்பரிடம் சொன்னாள். சொல்ல வலித்தது. அந்த வலிக்குள் ஒரு பிடிமானமும் இருந்தது: தான் சரியாகச் செய்திருந்தால் பிழைத்திருக்கும் அல்லவா?

யெஸ்பர் துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நீ கெடுக்கல. வேண்டாம்னு நேத்தே போன்ல சொல்லிட்டாரு. ஸ்பெயின்லேர்ந்து லாரியில வர்றது நம்ம விலையில பாதி. அங்க வெயிலுக்கு யாரும் பில் போடுறதில்லைன்னாரு."

"அப்புறம் எதுக்கு வந்தாரு?"

"நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். நேர்ல பார்த்தா மனசு மாறுமோன்னு."

ஈரக் கையோடு அவள் நின்றாள். இத்தனை வருடமும் பிழைக்கவே முடியாத பண்ணைக்கா காவல் இருந்தோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அந்தக் கருகல் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று மனம் மன்றாடியது.

"கருகாம இருந்திருந்தா வாங்கியிருப்பாரு," என்றாள். "சொல்லு யெஸ்பர். வாங்கியிருப்பாருன்னு சொல்லு."

அவன் தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து விளக்குப் போட வேண்டாம் என்றான்.