ஜன்னல் பக்கம் உருண்ட வெங்காயம்

கால்நடை மருத்துவம் படிக்க மகள் விண்ணப்பம் அனுப்பிய செவ்வாய்க்கிழமையிலிருந்து, டைல்ஸ் மேஸ்திரியின் வீட்டில் உருளக்கூடிய பொருளெல்லாம் கல்லூரி இருக்கும் திசையைப் பார்த்து உருள ஆரம்பித்தன. முதலில் கிளம்பியது ஒரு வெங்காயம். அந்த வாரம் விலை கொஞ்சம் இறங்கியிருந்ததால் மேஸ்திரியின் மனைவி கூடுதலாகவே வாங்கிவந்து, சமையலறைத் தரையில் கொட்டி, அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல வெங்காயம் ஒன்று அவள் கைக்குத் தப்பி, கூடத்தின் குறுக்கே நிதானமாகப் போய், தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே சுவரில் முட்டி நின்றது. எடுத்துவந்து வைத்தாள். மறுபடியும் போனது. வாரக் கடைசிக்குள் பென்சில்கள், நூல்கண்டு, இருமல் மருந்துக் குப்பி, எப்போதோ தொலைந்துபோன கோலிக்குண்டு ஒன்று என்று ஜன்னலடியில் ஒரு சின்னச் சந்தையே கூடிவிட்டது. அந்த ஜன்னலுக்கு நேரே, வீடுகளையெல்லாம் தாண்டி, மேட்டின்மேல் மணிக்கூண்டோடு கல்லூரி நின்றது. அழுகின வெங்காயங்கள் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்கு என்ன காரணம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும். மேஸ்திரியின் வீட்டில் நடந்ததுதான் வினை. தரை போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நிற்கும் ரசமட்டத்தை, மற்றவர்கள் பேனா வைப்பதுபோலச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஊரும் அவரை ரசமட்டம் என்றே கூப்பிட்டது. விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்துப் பார்த்து, ஒரு கால் கொஞ்சம் குட்டை என்று சொல்லி, விருந்து வைத்தவரின் முகத்தைச் சுருங்க வைத்தவர் அவர். அப்படிப்பட்டவரின் வீட்டுத் தரையே கோணல் என்று பேச்சுக் கிளம்பினால் ஊர் சும்மா விடுமா? அவர் மண்டியிட்டுக் கூடம் முழுக்க அளந்து பார்த்தார். குமிழி எல்லா இடத்திலும் நட்டநடுவில் நின்றது. பக்கத்திலேயே ஒரு வெங்காயம் ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் மருத்துவமனைக்குத் தரை போட அவரிடம் பேசிவைத்திருந்த பல் டாக்டர் ஒருநாள் நேரிலேயே பார்க்க வந்தார். அவரைச் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரச் சொன்னது மேஸ்திரியின் தப்பு. பேசிக்கொண்டே டாக்டர் ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்தே பேச்சையும் முடித்தார்.

"அவசரமில்ல மேஸ்திரி. வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்."

அப்புறம் அவர் சொல்லவே இல்லை.

மருந்துக்கடையில் வேலை பார்த்த மனைவி முதல் நாளே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். "தரையில ஒண்ணும் கோளாறு இல்லங்க. நம்ம பொண்ணோட கவலைதான் இப்படி ஓடுது" என்றாள். மேஸ்திரி தலையாட்டினாரே தவிர நம்பவில்லை.

ஊரில் அதைக் குதிரைக் கல்லூரி என்பார்கள். அங்கே ஒரு பெரிய கூடத்தில் ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு குதிரையின் எலும்புக்கூடு நிற்கிறது. மகள் சிறுமியாக இருந்தபோது அந்தக் கூடத்துக்குப் புதுத் தரை போட்டது மேஸ்திரிதான். பள்ளி விடுமுறை, மனைவிக்கோ கடையில் வேலை. வேறு வழியில்லாமல் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் நாள் முழுக்கக் குதிரையின் விலா எலும்புகளுக்குக் கீழே, சில்லென்றிருந்த புதுத் தரையில் படுத்துக்கிடந்தாள். சாயங்காலம், "இதுக்கு என்னாச்சுப்பா?" என்று கேட்டாள். வயதாகியிருக்கும் என்றார் மேஸ்திரி. "யாராச்சும் பாத்தாங்களா?" என்றாள் அவள். மேஸ்திரி குனிந்து கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கல்லூரியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இடமோ கொஞ்சம், கேட்பவர்களோ ஊருக்கு ஊர். அதனால் விண்ணப்பம் போன நாளிலிருந்து வீட்டில் மூன்று பேரும் காதும் காதும் வைத்தாற்போல ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கல்லூரியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது மழையைப் பற்றிப் பேசினார்கள், தெருச் சாக்கடையைப் பற்றிப் பேசினார்கள். ஒருநாள் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, கவலையா இருக்கா?"

"எனக்கென்னப்பா கவலை?" என்றாள் மகள்.

சொல்லி முடிப்பதற்குள் மேசைமேலிருந்த எலுமிச்சம்பழமும் டீ டம்ளரும் ஜன்னலைப் பார்த்துப் புறப்பட்டன. டம்ளரை அவள் திரும்பிப் பார்க்காமலே இடது கையால் பிடித்தாள். அந்தப் பழக்கம் அவளுக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தது.

நேர்முகத் தேர்வு நாளன்று மகள் காலை பஸ்ஸைப் பிடித்து மேட்டுக்குப் போனாள். மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை. பெண் வீட்டில் இல்லை, இன்றைக்காவது தரை தரையாக இருக்கும் என்று நினைத்து, கூடத்தின் நடுவில் ஒரு வெங்காயத்தை வைத்தார். கையை எடுத்ததுதான் தாமதம், அது பாய்ந்துபோய்ச் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பின்னால் சக்கரம் வைத்த நாற்காலி போனது. கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த சிமென்ட் கலக்கும் வாளி படியேறி உள்ளே வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு அதுவும் போனது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனைவி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அவதான் வீட்ல இல்லையே. அப்ப இது யாரோட கவலைங்க?"

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "நான் மட்டும் என்னவாம்? கடையில மாத்திரை டப்பாவெல்லாம் மேட்டுப் பக்கமா ஓடுது. புடிச்சுப் புடிச்சு வச்சு எனக்குக் கைதான் வலிக்குது" என்றாள்.

மேஸ்திரிக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கல்லூரியை மகளைவிடத் தான்தான் அதிகமாக ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. சின்னப் பெண் தன் பாரத்தோடு பெற்றவர்கள் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறாளே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தன் கவலையை அவள் கண்ணில் படாமல் மறைக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. குளியலறையில் தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் கொஞ்சம் சரிவு கொடுப்பார்கள், அதை வாட்டம் என்பார்கள். மேஸ்திரி தன் வீட்டுக் கூடத்தை முழுசாகப் பெயர்த்து, ஜன்னல் பக்கம் மேடாக, பின்வாசல் பக்கம் தாழ்வாக வாட்டம் கொடுத்துப் போட்டார். தரை பழசாகிவிட்டது என்று மட்டும் மகளிடம் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாகத் தெரிந்தே கோணலாகப் போட்ட தரை. ரசமட்டத்தில் குமிழி ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. வெங்காயமோ வைத்த இடத்தில் அசையாமல் நின்றது. வீட்டில் சில நாள் நிம்மதி. அப்புறம் ஒருநாள் மகள் ஜன்னலோரம் நின்று, திரும்பாமலே பேசினாள்.

"இங்க வர்றப்ப மேட்டுல ஏறுற மாதிரி இருக்குப்பா. நான் போக வேணாம்னா வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே. தரையைப் பேத்துதான் சொல்லணுமா?"

"ஐயோ, அப்படியில்லம்மா."

"பின்ன?"

"என் பயம் உன் கண்ணுல பட வேணாம்னு பாத்தேன். கிடைக்கலன்னா நீ எப்படித் தாங்குவியோன்னு ஒரு பயம். கிடைச்சு நீ போயிட்டா நான் எப்படித் தாங்குவேன்னு ஒரு பயம். ரெண்டும் ஒரே பக்கந்தான் உருளுது. எது எதுன்னு எனக்கே புரியல."

மகள் வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள். "நான் சரியாத் தூங்கியே ரொம்ப நாளாச்சுப்பா" என்றாள். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு நிறையக் கவலைப்பட்டார்கள். ஒருவருக்கு விட்டுப்போனதை இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். வெங்காயமெல்லாம் புது வாட்டத்தை மதிக்காமல் மேடேறி ஜன்னலடிக்குப் போயின. யாரும் எழுந்துபோய் எடுக்கவில்லை.

தேர்வானவர்களின் பட்டியல் ஒரு மத்தியான வேளையில் செல்போனில் வந்தது. அவள் பெயர் இல்லை. அவள் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, "இல்லப்பா" என்றாள். மேஸ்திரி அவளை ஒன்றும் சொல்லித் தேற்றவில்லை. அவருக்கே தேறுதல் தேவைப்பட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் எந்தப் பக்கமும் உருளவில்லை. அத்தனை சரிவான தரையில் பென்சிலை வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது. கழுவிவிடத் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர்கூட ஊற்றிய இடத்திலேயே வட்டமாக நின்றது. மனைவி அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தாள். வீட்டுக்குள் நடக்கவே எல்லோருக்கும் கால் கனத்தது. ரசமட்டம் அலமாரியில் தூங்கியது. அந்த மாதம் மேஸ்திரி போட்ட தரைகளில் ஒன்றிரண்டு முன்னேபின்னே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

பிறகு இன்னொரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அதே படிப்புதான். இடம் நேர் எதிர்த்திசையில், பின்வாசலுக்கு அந்தப் பக்கம், சதுப்பு நிலமெல்லாம் தாண்டி எங்கேயோ இருந்தது. மணிக்கூண்டு கிடையாது, எலும்புக்கூடு கிடையாது. தகரக் கூரை போட்ட நீளநீளமான கொட்டகைகள்தான். சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று மகளை மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனார். முதல் கொட்டகையில் ஒரு கிழட்டுக் கழுதை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மகள் தன்னையறியாமல், "இதுக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். காலைப் பிடித்திருந்தவர், கட்டுத்துணி வைத்திருந்தவர், கொட்டகை கழுவிக்கொண்டிருந்தவர் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்து, பிறகு ஆளுக்கொரு காரணம் சொல்லி அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். மகள் அந்தச் சண்டையை முழுசாக நின்று கேட்டாள். கழுதையின் நெற்றியைத் தடவியபடியே, "இங்கயே சேர்ந்துடறேன்பா" என்றாள். கொட்டகைத் தரையில் வாட்டம் தப்பாக இருந்ததை மேஸ்திரி வந்த உடனேயே பார்த்துவிட்டார். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று, மனைவி சமையலறையில் ஒரு வெங்காயத்தைக் கை தவறிப் போட்டாள். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு பின்வாசலைப் பார்த்து உருண்டது. இப்போது மேஸ்திரி போட்ட வாட்டமும் சேர்ந்துகொள்ள, சிட்டாய்ப் பறந்து படியைத் தாண்டிக் கொல்லையில் போய் விழுந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் மேஸ்திரி பின்வாசலில் குறுக்கே ஒரு பலகை அடித்தார்.

வருஷங்கள் போயின. வேறு யாரோ போட்ட தரை தந்த தலைவலி தாங்காமல் பல் டாக்டர் திரும்ப வந்து வேலையைக் கொடுத்தார். உங்கள் வீட்டுத் தரையைச் சரிபண்ணிவிடக் கூடாதா என்று கேட்டவரிடம், "இருந்துட்டுப் போகுது டாக்டர், பழகிடுச்சு" என்றார் மேஸ்திரி. மகள் படித்து முடித்து, வேலையில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போனாள். அவள் போன் செய்து சொல்வதற்கு முன்னாலேயே வெங்காயம் புதுத் திசையைச் சொல்லிவிடும். ஒருமுறை ஏதோ வேலையாகக் குதிரைக் கல்லூரிக்கே அவள் வந்திருந்தபோது வெங்காயம் ஜன்னல் பக்கம் மேடேறியது. வேலை முடிந்ததும் இறங்கிவிட்டது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மேஸ்திரியும் இப்போதெல்லாம் ரசமட்டத்தை விருந்துக்கு எடுத்துப்போவதில்லை.

போன வாரம் ஒரு காலை, பின்வாசல் பலகையடியில் கிடந்த வெங்காயமெல்லாம் மெதுவாகத் திரும்பின. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவரும் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவதுபோல, அவையும் சுவரோரமாக வளைந்து, தெருப்பக்கம் ஏறத் தொடங்கின. வருவதாக மகள் சொல்லியிருக்கவில்லை. மனைவி அவற்றுக்கு வழிவிட்டு நின்று, டீக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் சேர்த்து வைத்தாள். மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார்.