துரையின் குளம்பில் நீலப் பொடி

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. அதை நான் மறைத்ததில்லை. விருத்தாசலம் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஏழு ஜட்கா வண்டிகள் நின்றால், மற்ற ஆறு பேரும் என் சவாரியைத் தட்டிக்கொண்டு போகத்தான் நிற்கிறார்கள் என்று நினைப்பவன் நான். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

அறுபத்தெட்டில் ஊருக்கு வந்த ஒரு சர்க்கஸ் கம்பெனி நொடித்துப்போய்க் கூடாரத்தைப் பிரித்தபோது என் குதிரை துரையை வாங்கினேன். நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே, குளம்பே தெரியாதபடி கொத்துக் கொத்தாக வெள்ளை முடி தொங்கும். காலுறை போட்ட வெள்ளைக்காரன் மாதிரி நடப்பான். அதனால்தான் அந்தப் பெயர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பெண்ணாடம், திட்டக்குடியிலிருந்தெல்லாம் ஆள் தேடி வரும். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தவர்களைவிடத் துரையின் காலைப் பார்த்தவர்கள்தான் அதிகம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த முடியைப் பளிச்சென்று வைக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. என் மனைவி தனக்கோடி பீங்கான் பட்டறையில் பொம்மை தேய்க்கும் வேலை செய்தாள். வார்ப்பில் மிஞ்சிய வெள்ளை மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு வருவாள். தினமும் சாயங்காலம் மணிமுத்தாற்றில் துரையின் காலைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் அந்த மண்ணைக் குழைத்து முடி முழுக்கப் பூசிவிடுவேன். காலையில் தட்டிவிட்டால் பால் மாதிரி இருக்கும். பீங்கான் மண் ஈரத்தை இழுக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலுக்கும் நல்லது என்றே நினைத்தேன்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் துரையின் குளம்பு நாற ஆரம்பித்தது. செத்த எலி நாற்றம். குளம்பின் அடியில், நடுவே ரப்பர் மாதிரி இருக்கும் முக்கோணச் சதையின் ஓரப் பள்ளத்தில் கறுப்பாக ஏதோ கசிந்தது. நான் மண்ணை இன்னும் கெட்டியாகப் பூசினேன்.

ஸ்டாண்டுக் குதிரைகள் ஏழுக்கும் லாடம் அடிப்பவர் கியாசுதீன் பாய். மாதம் ஒரு புதன்கிழமை மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். துரையின் காலைத் தூக்கியதுமே முகத்தைச் சுளித்தார்.

“பச்சமுத்து, இந்த முடிய ஒட்ட வெட்டிப்புடு. மண்ணு பூசுறதயும் வுட்டுடு. உள்ளாற காத்தே போவல.”

“தை மாசம் ஒம்போது ஊர்வலம் இருக்குது பாய். முடிய வெட்டிட்டு எதக் காட்டுறது?”

“காலே போயிடும் போல இருக்குதே.”

“நீங்க லாடத்த அடிங்க. வைத்தியத்த நான் பாத்துக்கறேன். வேற எதையும் அதுங்கால்ல வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

பாய் லாடத்தை மட்டும் அடித்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டிக்காரன் கோவிந்தசாமியும் அந்த வருஷம் ஊர்வலத்துக்கென்று ஒரு வெள்ளைக் குதிரை வாங்கியிருந்தான். அதன் காலில் முடி கிடையாது. துரையின் முடி போனால் யாருக்கு லாபம்? புதன்கிழமை தவறாமல் பாய்க்கு டீ வாங்கிக் கொடுப்பவன் யார்?

அதன் பிறகு மாதம் ஒருமுறை வந்தவர் வாரா வாரம் வந்தார். “லாடம் லூசா இருக்குதான்னு பாக்கறேன்” என்பார். அதற்குக் கூலியும் கேட்கவில்லை. கூலி கேட்காமல் வேலை செய்யும் மனுஷனை எப்படி நம்புவது?

மார்கழியில் ஒரு புதன்கிழமை, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஸ்டாண்டை ஒட்டியிருந்த என் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தட்டிச் சந்தில் கண்ணை வைத்தேன். பாய் துரையின் பின்னங்காலைத் தொடைமேல் தூக்கிவைத்துக் கத்தியால் எதையோ சீவினார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். நீலப் பொடியைப் பஞ்சில் தொட்டுக் குளம்புப் பள்ளத்தில் திணித்தார்.

மயில்துத்தம். ஆள் சாகத் தின்கிற விஷம்.

“யோவ், என் குதிரைக்கு விஷமா வெக்கற?” என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டே கூடிவிட்டது. “கோவிந்தசாமி எவ்ளோ குடுத்தான், சொல்லு!”

“பச்சமுத்து, இது வந்து…” என்று ஆரம்பித்தார் பாய். நான் பேச விடவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் அவர் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்தார்கள். நீலப் பொடி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததே. அடுத்த வாரம் மற்ற ஆறு பேரும் லாடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தசாமிகூடப் பழிக்குப் பயந்து அவரைக் கூப்பிடவில்லை.

மூன்றே வாரத்தில் துரை பின்னங்காலைத் தரையில் ஊன்ற மறுத்துவிட்டான். முதல் ஊர்வலத்துக்கு நாலு நாள் இருந்தது. விஷம் வேலை செய்கிறது என்று கத்திக்கொண்டே கால்நடைக் கம்பவுண்டர் சுப்புராயனை அழைத்துவந்தேன். அவர் முடியை விலக்கினார். மண் அடை அடையாக ஒட்டியிருந்தது. மேலே காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே விரல் விட்டால் சேறு.

“மண்ணு ஈரத்த இழுக்குமேங்க” என்றேன்.

“இழுக்கும். இழுத்து எங்க வெச்சிக்கும்? காலுகிட்டயேதான வெச்சிக்கும்” என்றார். பிறகு குளம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். “இது மூணு மாசத்து அழுகலு. இத்தினி நாளு எப்பிடி நடந்துது? யாரோ வாராவாரம் அழுகுனத சீவியெடுத்துத் துத்தம் வெச்சிருக்காங்க. இதுக்கு அதான் மருந்து. இப்ப கொஞ்ச நாளா நின்னுபோயிருக்குது. நல்ல கை. யாருய்யா அது?”

எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்கே துரையின் முடியை நானே கத்தரித்தேன். ஒன்பது ஊர்வலமும் கோவிந்தசாமி குதிரைக்குப் போயிற்று. மறுநாள் மங்கலம்பேட்டைக்குப் போனேன். பாய் ஒரு சைக்கிள் கடை வாசலில் குந்தி டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையை அந்த வேலையில் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் பாய். மன்னிச்சிடுங்க.”

அவர் தலையைத் தூக்கவில்லை. “முடிய வெட்டினியா?”

“வெட்டிட்டேன்.”

“மண்ணு?”

“வுட்டுட்டேன்.”

“சரி. புதங்கெழம வரேன்.”

மனசு லேசாகிப் பஸ் ஏறினேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை வந்தார். ஆனால் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

“ஒரு ஆளக் கூப்புடு.”

“எதுக்கு பாய்? நான் இருக்கறேன்ல.”

“நீ வாணாம். பொதுவா ஒரு ஆளு வரட்டும். நான் என்னா வெக்கறேன்னு பக்கத்துல நின்னு பாக்கட்டும்.”

எவ்வளவு கெஞ்சியும் அவர் அசையவில்லை. கடைசியில் கோவிந்தசாமியையே கூப்பிட்டுவந்தேன். பாய் பொட்டலத்தைப் பிரித்து அவனிடம் காட்டினார். கத்தியைக் காட்டினார். பஞ்சைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் துரையின் காலைத் தூக்கினார்.

இரண்டு மாதத்தில் குளம்பு ஆறிவிட்டது. இப்போது தினமும் குளம்பைச் சுரண்டித் துடைக்கிறேன், காய்ந்த தரையில் கட்டுகிறேன், முடியை விரல் அகலத்துக்குமேல் வளர விடுவதில்லை. மற்ற ஆறு பேரும் பாயிடம் திரும்பிவிட்டார்கள். அவர்கள் குதிரைகளுக்குத் தனியாகவே லாடம் அடிக்கிறார், கேலி பேசிச் சிரிக்கிறார்.

என் கொட்டகைக்கு மட்டும் ஆள் வேண்டும். இது ஏழாவது வருஷம். புதன்கிழமை வந்தால் துரையைக் கட்டிவிட்டு, சாட்சிக்கு யாராவது கிடைப்பார்களா என்று நான் தெருவில் நிற்கிறேன்.