நாலாவது கட்டம்

மூன்றாவது அட்டையையும் கிழித்து ஹெய்னி குப்பைக்கூடையில் போட்டபோது, அம்மா திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"பூக்கடையில நாலுதான் குடுத்தாங்க."

"தெரியும்."

"நாலாவதுலயாவது மொதல்ல பென்சில்ல எழுதிப் பாரு."

அம்மா ரைலி, கறுப்பு உடைக்கு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மணி எட்டரை. ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதத்துப் பனி இறுகிக் கிடந்தது. பதினொன்றுக்குத் தேவாலயத்தில் அப்பாவின் சவப்பெட்டி முன்னால் எல்லோரும் கூடுவார்கள். முதல் பாட்டு முடிந்ததும் குடும்பத்தார் எழுந்துபோய்ப் பூங்கொத்தை வைக்க வேண்டும். அதில் செருகியிருக்கும் அட்டையை அவரவர் வாயாலேயே உரக்க வாசிக்க வேண்டும். நடுவில் குரல் உடைந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வாசிக்காமல் வந்தால்தான் வருடக்கணக்காகப் பேசுவார்கள்.

ஹெய்னிக்கு நாற்பத்து நான்கு வயது. கிழித்த மூன்று அட்டைகளிலும் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தொடங்கியிருந்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. பொய்யாக இல்லாத ஒரு வரி போதும் அவளுக்கு. அது கிடைக்கவில்லை.

தம்பி யார்க்கோ டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி உள்ளே வந்தான். காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரி ஓட்டுகிறவன். கல்யாணத்துக்குப் பிறகு டை கட்டுவது இது இரண்டாம் தடவை.

"அம்மா, காபி மேசையில மெழுகுவத்தி பக்கத்துல வெக்க ஒரு படம் வேணும். எங்கிட்ட அவரு லைசென்ஸ் படம்தான் இருக்கு. அதுல பாத்தா பேங்க்ல கொள்ளையடிச்சவன் மாதிரி முழிக்கறாரு."

"அந்தப் பக்கத்துல போட்டிருந்தாரே, யூனிஃபார்ம்ல, அது நல்ல படம். கீழ கம்ப்யூட்டர் மேசை டிராயர்ல இருக்கும்."

"அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா?" என்றாள் ஹெய்னி.

"இருக்காவா? சனிக்கெழமை சாவுனா நீராவியில குளிச்சிட்டு, துண்டோட ஒரு அரை மணி நேரம் அது முன்னாடிதான் ஒக்காந்திருப்பாரு. சாகறதுக்கு மொத நாள் கூட."

"என்ன பண்ணுவாரு?"

"பக்கத்தப் பாப்பாரு," என்றாள் அம்மா, இதிலென்ன கேள்வி என்பது போல.

*

அந்த வீட்டில் பக்கம் என்றால் ஒன்றுதான்.

1997 ஜூனில் ஒருநாள் அப்பா, தன்னைப் போலப் புகைபோக்கி சுத்தம் செய்பவர்களின் சங்கப் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஹெய்னியின் அறை வாசலில் வந்து நின்றார். ஜெர்மனியில் அவர் தொழில்காரர் ஒருவருக்கு இணையத்தில் சொந்தப் பக்கம் இருக்கிறதாம். "அவன் ஏறுற அதே கூரைமேலதான் நானும் ஏறுறேன். எனக்கும் ஒண்ணு வேணும்."

ஹெய்னிக்கு அப்போது பதினேழு. பள்ளிக் கணினி மன்றத்தில் கற்றதை வைத்து, கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு வரியையும் எழுதிப் பார்த்துப் பிறகு தட்டச்சு செய்தாள். தங்கள் ஊரான கெமிஜார்வியின் பதினாலு புகைபோக்கிகள் அந்தப் பக்கத்தில் இடம்பெற்றன. ஒரு புகைபோக்கிக்குள் காக்கை கட்டிய கூட்டின் படமும் உண்டு. வருகிறவர்களை எண்ணிக் காட்டும் எண்பலகையை ஆயிரத்திலிருந்து தொடங்கினாள், பூஜ்யம் என்று இருந்தால் மானம் போகும் என்று. கோடை முடிவதற்குள் அது ஆயிரத்து அறுநூறைத் தொட்டது. அதில் ஐந்நூறு தடவை வந்தது அப்பாதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் 'நாங்கள்' என்று ஒரு பகுதி. பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புச் சீருடையில் அப்பா என்சியோ. காபிப் பாத்திரத்தோடு ரைலி. மொபெட்டின் மேல் யார்க்கோ. மூன்றையும் எடுத்தவள் ஹெய்னி. அவள் படம் இல்லை.

"பாக்கறவன் இந்த வீட்டுல மூணே பேருன்னு நெனப்பான்," என்றார் அப்பா.

"நெனக்கட்டும். எம் மூஞ்சிய ஒலகத்துக்குக் காட்டணும்னு எனக்கு அவசியமில்ல."

அடுத்த பிப்ரவரியில், பள்ளி இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், அவள் ஒரு பையனின் காரில் ஏறி, எல்லை தாண்டி நார்வேயின் மீன் ஆலை ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். புறப்பட்ட அன்று அப்பா சூப் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போ. உன் எடம் காலியாவே இருக்கட்டும்," என்றார்.

மே மாதம். கடலோர ஊர் நூலகத்தில், வரிசையில் நின்று, இருபது நிமிடத்துக்கு ஒரு கணினி கிடைத்தது. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மூன்று படங்களுக்குக் கீழே புதிதாக நாலாவது ஒரு கட்டம் இருந்தது. வெறும் கட்டம். மூலையில் சின்னதாகச் சிவப்புப் பெருக்கல் குறி. அடியில் 'ஹெய்னி' என்று பெயர்.

சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னதை அவர் உலகம் பார்க்க எழுதி வைத்துவிட்டார் என்று அவள் புரிந்துகொண்டாள். பின்னால் நின்றவர் இருமும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்தப் பக்கத்தை அவள் திறக்கவே இல்லை. அந்தப் பையன் போய்விட்டான், ஆலையில் அவள் தரம் பார்க்கிறவளாக உயர்ந்தாள், இருபத்தாறு வருடம் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு இரவு வருவாள். அப்பாவும் அவளும் சாலையில் பனி எப்படி, காபி விலை என்ன என்று பேசிக்கொள்வார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

*

கணினி கீழ்த்தளத்தில், சாவுனாவுக்கு முந்தைய உடைமாற்றும் அறையில், ஃப்ரீசரை ஒட்டி இருந்தது. அம்மா பின்னிய துணி அதன் மேல் போர்த்தியிருந்தது. யார்க்கோ டிராயரை இழுத்தான். மேலாகவே பழுப்பு உறை. அதற்குள் அப்பா சீருடையில், ஐம்பது வயதில், தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேலை முடிஞ்சுது," என்றான் யார்க்கோ. படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சிரித்தான். "இந்தப் பக்கத்தால நான் அவருகிட்ட வாங்கின திட்டு இருக்கே!"

"என்ன திட்டு?"

"உன் கட்டம் காலியா இருக்குன்னு சொன்னதுக்கு."

படியில் ஒரு காலை வைத்திருந்த ஹெய்னி திரும்பினாள். "எப்போ சொன்ன?"

"லாரி ஓட்ட படிச்சிட்டிருந்தேனே, ஓவுலுவுல, அப்போ. ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பசங்களுக்குக் காமிச்சேன். போன் போட்டு, 'அப்பா, ஹெய்னி படம் தெரியல'ன்னேன். 'எனக்குத் தெரியுதே'ங்கறாரு. இங்க தெரியலப்பான்னேன். 'அப்ப உங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் மட்டம்'னுட்டாரு. லீவுக்கு வந்தப்போ காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இதுல காமிச்சாரு. நல்லாதான் தெரிஞ்சுது. சரி, ஸ்கூல்தான் மட்டம்னு விட்டுட்டேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"படம்தான்."

"எந்தப் படம்டா?"

"உன் படம். வேற யாரு படம்? ஏன், நீ பாத்ததில்லையா?"

அவள் பின்னல் துணியை எடுத்து ஃப்ரீசரின் மேல் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் கிழவன் எழுந்திருப்பது போல முனகி, இருமி, எதையோ தேடியது.

"ஹெய்னி, மணி ஒம்பதாகப்போவுது."

"போ. நான் வர்றேன்."

யார்க்கோ போகவில்லை. டையை ஒருபக்கம் பெரிதாகவும் ஒருபக்கம் சின்னதாகவும் இழுத்துக்கொண்டு அவள் பின்னால் நின்றான்.

திரையின் நடுவில் ஒரே ஒரு கோப்பு. அதன் மேல் இரண்டு முறை தட்டினாள். புகைபோக்கிகள் வந்தன. அவள் பதினேழு வயதில் தேர்ந்தெடுத்த ஆரஞ்சு நிறம் இன்னும் கண்ணைக் குத்தியது. காக்கைக் கூடு. என்சியோ, ரைலி, யார்க்கோ. அதற்குக் கீழே நாலாவது கட்டம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக நிறைந்தது. முதலில் இந்த அறையின் பலகைச் சுவர். பிறகு பென்சில் செருகிய ஒரு கொண்டை. பிறகு ஒரு பெண்ணின் முதுகு, பச்சை ஸ்வெட்டர். அவள் இதே மேசையில், இதே திரையை நோக்கிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரோ நிற்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் திரையின் கண்ணாடியில் படம் எடுத்தவரின் உருவம் விழுந்திருந்தது. தோளும், தூக்கிய இரண்டு முழங்கையும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபிளாஷின் வெள்ளை வெளிச்சம்.

அடியில் 'ஹெய்னி' என்று பெயர்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். இணையத்தில் இடம் கொடுத்திருந்த ஊர்ச் சங்கம் அந்தப் பழைய பக்கங்களை இன்னும் மூடவில்லை, தேடியதும் கிடைத்தது. ஆரஞ்சு நிறம், புகைபோக்கிகள், மூன்று படங்கள், ஒரு காலிக் கட்டம். கைப்பேசியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்றில் அவள் இருந்தாள். ஒன்றில் இல்லை.

"நான் சொல்லல?" என்றான் யார்க்கோ. "போன்லயும் தெரியல பாரு. என்ன மாயமோ."

மாயமில்லை. பக்கத்தின் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திறந்தாள். முதல் மூன்று படங்களின் வரிகள் அவள் எழுதியவை. நாலாவது அப்பா எழுதியது. காற்புள்ளி வரைக்கும் அவளுடைய வரியைப் பார்த்தே எழுதியிருந்தார். ஆனால் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இடத்தில், சி டிரைவ் என்று, இந்தக் கணினியின் வயிற்றுக்குள் இருக்கும் இடத்தையே கொடுத்திருந்தார். படத்தை வெளியே அனுப்பவே இல்லை.

இதே தவறை அவளும் செய்திருந்தாள். 97 ஜூனில், பக்கம் தயாரான முதல் நாள், அப்பா அவளை ஊர் நூலகத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். நூலகரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பக்கத்தைத் திறந்தார்கள். அத்தனை படமும் காலிக் கட்டம். அப்பாவின் காது சிவந்துபோனது. வீடு திரும்பும் வழியில்தான் அவளுக்குப் பிடிபட்டது. "அப்பா, நம்ம வீட்டு அலமாரியில எடுத்துக்கோன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கோம். அவங்க அவங்கவங்க வீட்டு அலமாரியத் தெறந்து பாக்கறாங்க. நம்ம வீட்டுல மட்டும்தான் தெரியும்." அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார்.

அடுத்த வருடம் மே மாதம் நூலகத்தில் உட்கார்ந்தபோது அது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. சூப் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

கோப்பின் தேதியைப் பார்த்தாள். அவள் கிளம்பிப்போன ஒன்பதாம் நாள்.

"கோளாறு எதுன்னு தெரிஞ்சுதா?" என்றான் யார்க்கோ.

"ம்."

"பெரிய வேலையா?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்ப பண்ணிடேன்."

அவள் அவனைத் தன் பக்கம் திருப்பி, டையை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டிவிட்டாள்.

*

தேவாலயத்தில் அம்மா முதலில் வாசித்தாள், வார்த்தை பிசகாமல், மளிகைச் சீட்டு வாசிப்பது போல. யார்க்கோ கடை அட்டையில் அச்சடித்திருந்த நாலு வரிக் கவிதையை வாசித்தான். மூன்றாவது வரியில் நின்று, மூக்கை உறிஞ்சி, நாலாவதை விட்டுவிட்டான். ஹெய்னி வெள்ளை ரோஜாக்களை வைத்தாள். நாலாவது அட்டையை விரித்தாள். அதில் பேனாவால் எழுதியிருந்தது.

"ஹெய்னி," என்று வாசித்தாள்.

எல்லோரும் மீதியை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். பாதிரியார் தலையைச் சற்று முன்னால் நீட்டினார். அவள் அட்டையை மடித்து ரோஜாக்களுக்கு நடுவே செருகிவிட்டு, வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு சபை மண்டபத்தில் சால்மன் சூப், ரொட்டி கேக், காபி. மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அப்பா பித்தளைப் பொத்தான்களோடு சிரித்தார். அவருடைய அக்கா ஐலாவுக்கு எண்பத்திரண்டு வயது. காது தெளிவு, கண்தான் மங்கல். ஹெய்னியின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி, இவ்வளவு தூரம் வந்து உம் பேர மட்டும் படிச்சிட்டுப் போற. அவனுக்கு உம் பேரு மறந்துபோச்சுன்னா நெனச்ச?"

"இல்ல அத்தை."

"இண்டர்நெட்டுல என்னமோ வெச்சிருக்கேன், வந்து பாரு, வந்து பாருன்னு உசிர வாங்குவான் தம்பி. ஒரு தடவகூடப் பாக்கல. அது இன்னும் இருக்கா?"

ஹெய்னி கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து அவளிடம் கொடுத்தாள். அத்தை ஒற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "ஒரே பொகபோக்கியா இருக்கு... இது யாரு, ரைலியா? நல்லாதான் இருந்திருக்கா... இது இந்தத் தடியன்..." எதிரில் உட்கார்ந்திருந்த தடியன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். அத்தையின் விரல் நின்றது.

"இங்க உம் பேரு போட்டிருக்கு. படத்தக் காணோமே? காலியால்ல இருக்கு."

யார்க்கோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியுதே," என்றாள் ஹெய்னி.

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மேசைவிரிப்பின் ஓரத்தில் இரண்டு பக்கமும் துடைத்து மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மறுபடி பார்த்தாள்.