பின்னால் உட்கார்ந்தவள்

இரும்பு வெட்டியின் வாயில் சங்கிலியைக் கொடுத்து, எலியான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். சங்கிலி வழுக்கியதே தவிர வெட்டுப்படவில்லை. நீரூற்றுக் கம்பியோடு கட்டிக் கிடந்த இரட்டைச் சைக்கிள் ஒரு குலுக்குக் குலுங்கிவிட்டு மறுபடி அசையாமல் நின்றது.

"சாவி எங்கிட்ட இருக்கு. எதுக்கு அதைப் போட்டு இம்சை பண்ற?"

நீரூற்றின் மறுபுறம், கல் விளிம்பில், ஒடெட் உட்கார்ந்திருந்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய நரைமுடி. எதிர்மேட்டில் இருக்கும் பெலகாரிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றைக் கடந்து, இந்த மொன்திராக்குக்கு நடந்தே ஏறி வந்திருக்கிறாள். சாவி அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. பூட்டை விட்டுவிட்டு அந்தக் கழுத்தை வெட்டியில் கொடுத்தால் தேவலை என்று எலியானுக்குத் தோன்றியது.

மூன்று நாளைக்கு முன்பு இதே கல் விளிம்பில்தான் எலியானின் அப்பா அன்செல்ம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஒடெட் குப்பியை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது உடல் மட்டும் உட்கார்ந்திருந்தது. மேடு ஏறவே கூடாது, இதயம் தாங்காது என்று மருத்துவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும், கல்யாணம் செய்துகொள்ளாமலே பத்து வருஷமாக அவருக்குத் துணையாக இருந்த இந்தப் பெண்மணி வாரம் தவறாமல் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கோட்டை, மடம், புறாக்கூண்டுக் கோபுரம் என்று கண்ட மேட்டுக்கெல்லாம் போனாள். வாதுமை மரத்தடியில் துணி விரித்து, ரொட்டியும் வாத்துக்கறியும் தின்றுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலமாகத் திரும்புவார்கள். அந்தச் சொகுசுச் சவாரிதான் அப்பாவைக் கொன்றது. எலியானுக்கு அதில் ஊசிமுனை அளவு சந்தேகமும் இல்லை.

"சாவியைக் கொடுங்க மதாம்."

பத்து வருஷமாக அவள் ஒடெட்டை மதாம் என்றும் நீங்கள் என்றும்தான் அழைக்கிறாள். அது மரியாதையில் வந்ததல்ல. நடுவில் ஒரு சுவர் இருக்கட்டும் என்று வைத்தது. ஒடெட்டோ முதல் நாளிலிருந்தே நீ, வா, போ.

"குடுக்கறேன். ஆனா என்ன பண்ணுவ? தனியா ஓட்டுவியா?"

"தள்ளிக்கிட்டே போறேன்."

"நல்லா தள்ளு. நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவனைப் புதைச்சு மண்ணே காஞ்சிருக்கும்."

அவன். செத்தவரைக்கூட இவள் விடவில்லை.

பெலகார் சைக்கிள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது போய்விட்டால், அவர் ஓட்டிய வண்டியைச் சவப்பெட்டிக்குப் பின்னால் வீட்டார் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வண்டி வாசலுக்கு வராமல் தேவாலய மணி அடிக்காது. சங்கத் தலைவர் ஃபெர்னான், ஆள் அனுப்பி வண்டியை எடுத்து வரச் சொல்கிறேன் என்றுதான் சொன்னார். எலியான் கேட்கவில்லை. என் அப்பா வண்டி, நானே கொண்டு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஃபெர்னான் தன் ரொட்டி வண்டியில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ரொட்டி போடப் போய்விட்டார். அந்தச் சின்ன வண்டிக்குள் இரட்டைச் சைக்கிள் பாதிகூட நுழையாது.

"இது எங்கப்பா சைக்கிள்," என்றாள் எலியான்.

"பாதி."

"எந்தப் பாதி? மிதிச்ச பாதி அவருது. பின்னால உக்காந்து பூப்பறிச்சுக்கிட்டு வந்த பாதிதான் உங்களுது."

இது எலியானின் சொந்தச் சரக்கு அல்ல. பெலகாரின் காப்பிக்கடை முழுக்கப் பத்து வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிற கேலி. இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவர் திருப்புவார், பிரேக் பிடிப்பார், வழி பார்ப்பார். பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒன்றும் செய்யவில்லை என்றே ஊர் முடிவுகட்டிவிடும். எலும்பும் தோலுமாக இருக்கிற மனிதன், எருமை மாதிரி ஒருத்தியைப் பின்னால் வைத்து மேடு இழுக்கிறான், அதுதான் அன்செல்மின் கால் என்பார்கள். அன்செல்மும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, கட்டம் போட்ட பெரிய கைக்குட்டையை எடுத்து, நெற்றியையும் கன்னத்தையும் பிடரியையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அப்பாடா!" என்பார். ஒயின் கிண்ணம் தானாக வந்துவிடும்.

  ஒடெட் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, பூட்டைத் திறந்தாள்.

எலியான் முன் கைப்பிடியில் மாட்டியிருந்த பையைத் திறந்து பார்த்தாள். ஒரு மடக்குக் கத்தி, வரைபடம், பாதி தின்ற வெல்ல மிட்டாய், அடியில் அந்தக் கைக்குட்டை. அவசரமாக எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் வேர்வை வாசனை கடைசியாக ஒருமுறை கிடைக்கும் என்று நினைத்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

"துவைச்சுட்டீங்களா?" என்று கத்தினாள். "செத்த மனுஷனோட வாசனையைக்கூட எனக்கு மிச்சம் வைக்கக் கூடாதா?"

"நான் தொடலை. அன்னிக்குக் காலையில அவன் வைச்சது, வைச்சபடி இருக்கு."

"பொய்."

"சரி, பொய். ஏறு."

வேறு வழியில்லை. எலியான் முன்னால் ஏறினாள். அப்பாவின் இடத்தை இவளுக்கு விடுவதாக இல்லை. சின்ன வயசில் அப்பா சைக்கிள் பழக்கிய கால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. ஒடெட் பின்னால் ஏறினாள்.

"காலை வாருக்குள்ள நுழைச்சுக்கோ. நாலு மிதியும் ஒண்ணோட ஒண்ணு கட்டினது. யார் மிதிச்சாலும் எல்லாருக்கும் சுத்தும். பயந்து காலை வெளிய எடுத்துடாத."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

கீரியும் பாம்பும் ஒரே கூடையில் ஏறின மாதிரி இருவரும் மொன்திராக்கின் கோட்டை வாசலைக் கடந்து இறங்கினார்கள். பழைய சுவர்களில் செப்டம்பர் வெயில் அடித்தது. துணி துவைக்கும் கல்தொட்டி, கொள்ளைநோய்க் காலத்தில் நட்ட சிலுவை, இடிந்த மில் எல்லாம் பின்னால் போயின. வாதுமைத் தோப்பு வளைவில், பொதிப்பைகள் தொங்கும் சைக்கிள்களோடு ஏறி வந்த வெளியூர் ஜோடி ஒன்று, தலையிலிருந்து கால்வரை கறுப்பில் இரட்டைச் சைக்கிளில் வரும் இரண்டு பெண்களைப் பார்த்து ஆனந்தமாகக் கையசைத்தது. அந்த ஆள் படம்கூடப் பிடித்தான்.

"உங்கம்மாவைப் படம் பிடி!" என்று எலியான் கத்தினாள்.

"அவங்களுக்கு என்ன தெரியும்? வளைவைப் பாரு. பின் பிரேக்கைப் பிடி."

"எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒருத்தரைக் கொன்னது போதும்."

 எலியானால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. ஓட்டுகிறவள் திரும்பினால் இருவரும் பள்ளத்தில்தான். முகம் பார்க்காமல் திட்டுவது சுலபமாக இருந்தது. ஆற்றுப் பாலம் வரை திட்டிக்கொண்டே இறங்கினாள்.

"டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கூட்டிக்கிட்டுப் போனீங்க."

"வீட்டுல உக்கார வைச்சு, ஜன்னலைப் பாத்துக்கிட்டே சாகட்டும்னு விட்டிருக்கணுமா? நீ லியோன்லேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து அந்த ஜன்னலைத் துடைச்சுட்டுப் போயிருப்ப."

அது சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது.

"நல்லாக் கேட்டுக்கோங்க மதாம். கோயில்ல உங்களுக்குக் கடைசி பெஞ்சு. பெட்டிக்குப் பின்னாடி நான் மட்டும்தான் வருவேன். நீங்க அவருக்கு மனைவியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சாமியார்கிட்ட சொல்லியாச்சு."

"உங்கப்பா பெட்டி. உன் இஷ்டம். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரணும். எனக்கு அதுதான்."

பாலத்தைத் தாண்டியதும் பெலகார் மேடு தொடங்கியது. எலியான் கியரை மாற்றினாள். சங்கிலி கடகடவென்று இறங்கி உட்கார்ந்தது. முதல் வளைவு வரை முழுமூச்சாக மிதித்தாள். தொடை எரிந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்தப் பாரத்தையா அப்பா எழுபத்தாறு வயசில் இழுத்தார் என்று நினைத்தபோது ஆத்திரம் தலைக்கேறியது. சரி, இன்றைக்கு ஒருமுறை இவளும் இழுத்துப் பார்க்கட்டும். வண்டி நின்றால் நிற்கட்டும். பெலகாரே பார்க்கட்டும்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

வண்டி நிற்கவில்லை. கொஞ்சம் தயங்கி, பிறகு அதே வேகத்தில் ஏறியது. வாருக்குள் இருந்த அவள் கால்கள் தம் பாட்டுக்கு மேலே போயின, கீழே வந்தன. யாரோ அவள் பாதங்களைக் கையில் ஏந்திச் சுற்றிவிடுவது போல இருந்தது. பின்னாலிருந்து ஒரு பேச்சில்லை. சீரான மூச்சு மட்டும் கேட்டது: ஓரிழுப்பு, ஓர் ஊது. இது இன்று புதிதாகப் பழகிய மூச்சு அல்ல. ஒரு பாரத்தை எங்கே வாங்கிக்கொள்வது, எங்கே நிதானிப்பது என்று இந்த மேட்டின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த மூச்சு.

போன குளிர்காலத்தில் தொலைபேசியில் அப்பாவோடு போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. "நான் எங்கடி மிதிக்கறேன்? சும்மா முன்னால உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வர்றேன்," என்று சிரித்தார். டாக்டர் விஷயத்தில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவர் என்று அவள் போனைப் பட்டென்று வைத்தாள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அந்த மனிதர் உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வளைவு வந்தது. அவள் மிதிக்கவில்லை. இப்போது அப்பா மேலேயே கோபம் வந்தது. கிழவா, கடை வாசலில் நின்று கைக்குட்டையால் எதைத் துடைத்தாய்? இவளைப் பூப்பறிக்கிறவள் என்று அவர்கள் சிரித்தபோது, கூடச் சேர்ந்து ஒயின் குடித்தாயே. இவளும் கல்லுளிமங்கியாக அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறாள். காலையில் நீரூற்றடியில் தன் வாயாலேயே அதைச் சொன்னது நினைவுக்கு வந்ததும் எலியானின் காது மடல் சூடேறியது.

கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒடெட் பேசினாள். மூச்சு வாங்கியதால் சொற்கள் துண்டுதுண்டாக வந்தன.

"இனிமே... முதுகை வளைச்சுக்கோ. தலையைக் குனி. இந்த வளைவு தாண்டினா... காப்பிக்கடையில இருக்கறவங்க பாப்பாங்க."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். யாருக்குச் சொல்கிறோம் என்பதை மறந்து, பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை.  எலியான் முதுகை வளைத்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

தேவாலயச் சதுக்கத்தில் ஊரே நின்றது. கறுப்பு வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் சட்டைக்கு மேல் நீலக் கழுத்துத் துணி கட்டி இரண்டு வரிசையாக நின்றார்கள். ஃபெர்னான் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"பாத்தீங்களாடா? அன்செல்ம் பொண்ணுன்னா சும்மாவா! நிறுத்தாம ஏறிட்டா!" துக்க நேரம் என்பது ஞாபகம் வந்து குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "ஏன் ஒடெட், இன்னிக்காச்சும் ஒரு மிதி மிதிச்சியா, இல்ல இன்னிக்கும் பூதானா?"

வரிசையில் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒடெட் இறங்கி, இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மோவாயிலிருந்து வேர்வை சொட்டியது. பதில் சொல்ல மூச்சு இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

எலியானுக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லை. அருகில் வந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். சொல்லிவிடலாம், ஒரே ஒரு வரிதான். அவள் ஃபெர்னானைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அது சின்னதாக இருந்தது.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். இஸ்திரி மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காய்ந்த நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பிறகு கன்னத்தை, பிறகு பிடரியை.

"அப்பாடா!" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அப்படியே அவரை உரிச்சு வைச்சிருக்கு," என்று கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள்.

எலியான் திரும்பாமலே கைக்குட்டையைப் பின்பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரம் அது அப்படியே கையில் இருந்தது. பிறகு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டி தோளேறியது. மணிக்கயிற்றைப் பிடித்தபடி வாசலில் நின்ற ஆள் எலியானைப் பார்த்தான். அவள் முன் கைப்பிடியைப் பிடித்தாள், ஆனால் நகரவில்லை.

"பின்னால பிடிங்க மதாம். தனியாத் தள்ள வராது."

"நான் பிடிக்கறேனே," என்று ஃபெர்னான் முன்னே வந்தார்.

"உங்களைச் சொல்லலை."

பின்பக்கம் பாரம் ஏறியது தெரிந்தது. மணி அடிக்கத் தொடங்கியது. பெட்டி போக, வண்டி போனது; முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. மேட்டு ஊர் என்பதால் காற்று பலமாகத்தான் வீசியது, கழுத்துத் துணிகள் எல்லாம் படபடத்தன. பின் கைப்பிடியில் போட்டிருந்த கைக்குட்டை மட்டும் நனைந்து கனத்து, அசையாமல் தொங்கியது.