தப்பு வந்தால் கண்டுக்காதே, அடுத்த வரிக்குப் போ

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, என் மச்சினியுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவள் அலுவலகத்தைப் பற்றிப் புலம்பினாள். நான் தட்டைப் பார்த்தபடியே திருடிக்கொண்டேன். எழுதப்போகிறேன் என்றதும் அவள் சொன்னது இதுதான்: "அத்தான், என் பேர் மட்டும் வரட்டும், அப்புறம் நடக்குறதே வேற."

ஆகவே பெயர் வராது. அலுவலகத்திலும் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, மேக்ரோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எக்செல் ஷீட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் தானாக ஓடும் நிரலுக்கு அந்தப் பெயர். பத்துப் பேர் வேலையை ஒரு பொத்தானில் முடிக்கிறவளுக்குத் தாராளமாகப் பட்டப்பெயர் கொடுத்தார்கள். நிரந்தர வேலைதான் கொடுக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"எல்லா டேபிளும் போட்டாச்சு சார்," என்றாள் மேக்ரோ. "எங்க போட்ட? நடக்க வழி விட்டியா?" என்றார் மேலாளர்.

மச்சினி அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். அவர் அப்படிக் கேட்கவே இல்லையாம். "அவ்வளவு முட்டாள் இல்ல அத்தான் அவரு. ரிப்போர்ட் எழுதுற அளவுக்கு விவரமானவர்." (வெட்ட எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் படித்துத் தொலைத்துவிட்டீர்கள், இனி என்ன செய்ய?)

இரண்டாவது தொடக்கம்: வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்காத பிஞ்சுகளின்

வேண்டாம். எனக்கே கூசுகிறது.

2

அது காது கேட்காத பிள்ளைகளுக்குக் கருவி பொருத்தும் நிலையம். காதுக்கென்றே நடத்துகிற இடமாயிற்றே என்று நம்பிப் போனால், அங்கே ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் ஏறாது. மேலாளருக்குப் பட்டப்பெயர் சுபம். எந்த அறிக்கை எழுதினாலும் கடைசி வரியில் 'சுபம்' என்று முடிப்பார். கூரை ஒழுகுகிறது என்பதைக்கூட அப்படித்தான் எழுதி அனுப்பினார்.

எக்செல் ஷீட்டெல்லாம் போதும், இனி எல்லாம் டேட்டாபேஸில் டேபிள்களாக, அதாவது அட்டவணைகளாக, இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. சுபம் அதை அப்படியே மேக்ரோ தலையில் கட்டினார். ஷீட்டுகளோ ஆளுக்கொரு தினுசு. ஒரே பிள்ளையின் பெயரை வரவேற்பறையில் ஒரு மாதிரியும் பரிசோதனை அறையில் வேறு மாதிரியும் எழுதியிருந்தார்கள். உட்கார்ந்து தட்டினால் அவள் ஓய்வு பெறும்வரை தட்டலாம். மேக்ரோ நிரல் எழுதினாள். ஒவ்வொரு ஷீட்டாக எடு, தலைப்புகளைக் கட்டங்களாக்கு, பழைய டேபிள் இருந்தால் அழி, புதிது உருவாக்கு, வரிசைகளை ஒவ்வொன்றாக உள்ளே போடு.

டேபிளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அடையாளம் வேண்டும், இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. பெயரைத்தான் நம்ப முடியாதே. அதனால் அம்மாவின் போன் நம்பரையும் பிள்ளையின் பிறந்த தேதியையும் ஒட்டி அடையாளமாக்கினாள். கெட்டிக்காரி. (இங்கேயே 'அடடா' என்றிருந்தால் நீங்களும் கெட்டிக்காரர்தான். வாயைத் திறக்காதீர்கள், கதை கெட்டுவிடும்.)

இன்னொன்றும் செய்தாள். நிரல் முதல்முறை ஓடும்போது அழிப்பதற்குப் பழைய டேபிளே இருக்காது. அங்கேயே நின்று அடம்பிடிக்கும். அதற்காக உச்சியில் ஒரு வரி போட்டாள். நிரல்மொழியில் எப்படியோ, தமிழில் அந்த வரிதான் இந்தக் கதையின் தலைப்பு. அழிக்கிற வேலை முடிந்ததும் அதை ரத்து செய்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சுபம் கூப்பிட்டார். அவள் எழுந்து போனாள், மறந்துவிட்டாள்.

ஓட்டினாள். ஒரு பிழைகூட வரவில்லை. எப்படி வரும்? வாயைக் கட்டிவிட்டு, 'குறை ஏதாவது உண்டா?' என்று கேட்டால் யார் சொல்லப்போகிறார்கள்!

'பிழை ஏதுமின்றி நிறைவேறியது. சுபம்,' என்று அறிக்கை போனது. "உன் பர்மனென்ட் ஃபைல் மேல போயாச்சும்மா," என்றார். அன்று அவள் சந்தோஷத்தில் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள்.

3

கருவி பொருத்தும் முகாமுக்கான பட்டியல் மாலையில் போக வேண்டும். அன்று காலை ஒரு தையற்காரம்மா வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. கூடவே இரட்டைப் பெண் குழந்தைகள், பேச்சு வருகிற வயசு. ஒருத்திக்குச் சிவப்பு ரிப்பன், ஒருத்திக்குப் பச்சை ரிப்பன். சிவப்பு ரிப்பன் மேக்ரோவின் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றினாள், ஸ்டேப்ளரைக் கடித்துப் பார்த்தாள். மேக்ரோ கொடுத்த பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டு ஈர மிச்சத்தைப் பெரிய மனசோடு அவளிடமே நீட்டினாள். சரியான வாலு.

"ரெண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணீங்க. ரெண்டு பேருக்கும் கருவிக்காகக் காதுல அச்சு எடுத்தீங்க. இப்ப லிஸ்ட்ல ஒருத்தி பேர்தான் இருக்குன்னா என்ன சார் அர்த்தம்?"

"கம்ப்யூட்டர்ல ஒருத்திதாம்மா இருக்கா," என்றார் சுபம்.

"கண்ணு முன்னால ரெண்டு பேர் இருக்காளுங்களே!"

"அது சரிம்மா. ஆனா கம்ப்யூட்டர்ல..." கம்ப்யூட்டர் கோயில் போல, அதற்குள் இருந்தால்தான் உண்டு. "அடுத்த வருஷ லிஸ்ட்ல பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் நான் கூப்பிட்டா ஒருத்தி திரும்புவா, ஒருத்தி திரும்ப மாட்டா. அவகிட்ட என்னன்னு சொல்றது சார்? சொன்னாலும் அதுக்குக் கேக்காதே."

மேக்ரோ தான் போட்ட அடையாளத்தை நினைத்துப் பார்த்தாள். ஒரே அம்மா, ஒரே போன், ஒரே பிறந்த தேதி. ஒருத்தி உள்ளே போனதும் அடுத்தவளை டேபிள் வாசலிலேயே நிறுத்தி, ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று கத்தியிருக்கும். அந்தச் சத்தத்தை அமுக்கியது அவளுடைய வரி.

5

சுபத்தின் அறைக்குள் அவர் பின்னாலேயே போனாள்.

"சார், தப்பு என் கோட்லதான். அடையாளத்த மாத்தணும், அந்த ஒரு வரியத் தூக்கிட்டு மறுபடி ஓட்டணும்."

"ஓட்டினா?"

"விட்டுப்போனது எல்லாம் தெரிஞ்சுடும். இந்தப் பொண்ணு மட்டும்தானா, இன்னும் எத்தனை பிள்ளைங்களோ, தெரியல சார். அதான் பயமா இருக்கு."

சுபம் கண்ணாடியைக் கழற்றினார். "பிழையே இல்லன்னு கையெழுத்துப் போட்டாச்சும்மா. இப்பப் போய் இருக்குன்னு சொன்னா என் பேரும் நாறும், உன் ஃபைலும் திரும்பி வரும். ஒரு பொண்ணுதானே? காதும் காதும் வச்ச மாதிரி கையால சேத்துரு."

"டேபிள் ஏத்துக்காது சார். அதே அடையாளம் இருக்கு."

"அப்ப பிறந்த தேதிய ஒரு நாள் தள்ளிப் போடு."

ஒரு கையெழுத்தைக் காப்பாற்ற, அந்தத் தாயை இன்னும் ஒரு நாள் பிரசவ வலியில் கிடத்த அவர் தயாராக இருந்தார்.

"சர்டிஃபிகேட்ல வேற தேதி இருக்கே. முகாம்ல திருப்பி அனுப்பிருவாங்க சார்."

"அனுப்பட்டுமே. அது அவங்க பிழை."

6

முடிவு ஒன்று: மேக்ரோ தேதியைத் தள்ளிப் போடுகிறாள். ஃபைல் நிறைவேறி வருகிறது. முகாமில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. சுபம்.

முடிவு இரண்டு: மேக்ரோ அறிக்கையைக் கிழித்து எறிகிறாள். ஊழியர்கள் எழுந்து நின்று கை

படித்துக்கொண்டிருந்த மச்சினி இங்கே சிரித்துவிட்டாள். "எங்க ஆபீஸ்லயா? கேன்டீன் மணி அடிச்சாத்தான் அத்தான் எந்திரிப்பாங்க."

"அப்ப நீ என்னதான் பண்ணின?"

"அத விடுங்க. நாலு எங்க?"

"என்ன நாலு?"

"மூணுக்கு அப்புறம் அஞ்சு போட்டிருக்கீங்க." பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். "சிவப்பு ரிப்பனுக்கு நாற்காலி குடுத்தீங்க, பிஸ்கட் குடுத்தீங்க, வாலுன்னு கொஞ்சினீங்க. பச்சை ரிப்பனுக்கு என்ன குடுத்தீங்க?"

தேடிப் பார்த்தேன். ஒரு ரிப்பன் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவளுக்காகத்தான் இவ்வளவு பேச்சும். ஆனால் அவள் எங்கே நின்றாள் என்றுகூட நான் எழுதவில்லை. எனக்குச் சுருக்கென்றது, வெட்கமாகவும் இருந்தது. சுபத்தை இவ்வளவு நக்கலடித்த வாய் என்னுடையதுதான். நீங்களும் அப்படியே தாண்டிப் போயிருந்தால், வாருங்கள், துணைக்கு ஆள் கிடைத்தது.

"அவ எங்க இருந்தா?" என்று மச்சினியைக் கேட்டேன். சொன்னாள்.

4

எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது பச்சை ரிப்பன் மேக்ரோவின் மேசைக்கு அடியில் போய்விட்டாள். அங்கே கம்ப்யூட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும், உள்ளே காற்றாடி பழசு. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். அதிர்வு கையில் ஏற ஏறச் சிரித்தாள். சுபத்தின் அறையிலிருந்து திரும்பிய மேக்ரோ குனிந்து பார்த்தாள். குழந்தை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியின் மேல் வைத்தது, நீயும் கேளு என்பது போல.

மேக்ரோ ஒரு கையை அங்கேயே விட்டுவிட்டு மறு கையால் நிரலைத் திறந்தாள். கர்சர் அந்த வரியின் முன்னால் நின்றது. அங்கே ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதும், கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிவிடும், அந்த வரி செத்த மாதிரி. திரையில் எழுத்து பச்சையாக மாறும். அப்புறம் நிரல் விட்டுப்போன ஒவ்வொரு பிள்ளையிடமும் நின்று நின்று கத்தும், எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். ஃபைல் திரும்பி வரும்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். இந்தக் கதையின் உச்சியிலும் தலைப்பாக அதே வரிதான் இருக்கிறது, அதன் தயவில்தான் இவ்வளவு தூரம் வந்தோம். மேலே போய் அதன் முன்னால் நீங்கள் அந்த மேற்கோள் குறியைப் போடுங்கள். என்டருக்குப் பக்கத்துப் பொத்தான்தான். போட்டால் கதை முதல் தப்பிலேயே நின்றுவிடும். நிற்கட்டும்.

சீக்கிரம். பட்டியல் மாலையில் போகிறது, குழந்தை இன்னும் கையை எடுக்கவில்லை.