தொண்ணூற்றொன்பது முறை உதவிய பக்கத்து வீட்டார்

1

இந்தக் கதை என் மறதியில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து “இந்தம்மா மறைச்சுட்டா” என்று சொல்லக் கூடாது.

கொலோன் நகரில், இருபத்துமூன்று ஐரோப்பிய நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த நாட்டில் யார் அரசை நம்புகிறார்கள், யாருக்கு வேலை இல்லை, யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பதில்கள் எண்களாக என் கணினிக்கு வரும். அவற்றில் கல் பொறுக்குவது என் வேலை, அரிசியில் பொறுக்குவது மாதிரி. பொறுக்கியதை வைத்து மற்றவர்கள் சமைத்துப் பேர் வாங்குவார்கள்.

ஒரு நாட்டு அரிசியில் ஒரு கல்லை விட்டுவிட்டேன்.

(வேறு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன். “பிப்ரவரி மழை ரைன் நதியின் மேல் மெல்ல…” வேண்டாம். இந்த ஊரில் வேலைக்குப் போகிற எவரும் நதியைப் பார்ப்பதில்லை. ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்ற பலகையைத்தான் பார்ப்பார்கள்.)

2

என்ன கல் என்று சொல்கிறேன். முதியவர்களுக்கான கேள்வி எண் 41: “கடந்த மாதம் பக்கத்து வீட்டார் உங்களுக்கு எத்தனை முறை உதவினார்கள்?” பதில் ஒரு எண். பதில் சொல்ல மறுப்பவர்களுக்கு 99 என்று போடுவது எங்கள் தொழில் வழக்கம். இந்த 99 எண் இல்லை, மௌனம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகக் கணினிக்குச் சொல்லிவைக்க வேண்டும். அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது.

இருபத்திரண்டு நாடுகளுக்குச் சொன்னேன். பதினேழாம் எண் நாட்டின்* கோப்பு தாமதமாக வந்தது. வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அதற்கு மேலும் உட்கார்ந்திருந்தால் எங்கள் அலுவலகத்தில் “வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?” என்று விசாரிப்பார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விளைவு: மற்ற நாட்டு முதியவர்களுக்கு மாதம் இரண்டு, மூன்று உதவிதான் கிடைத்தது. பதினேழாம் நாட்டு முதியவர்களுக்குச் சராசரியாக முப்பத்தொன்று.

*நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். பதில் சொன்னவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் சத்தியம். மலை உண்டு, பாலாடைக்கட்டி உண்டு. அதை வைத்துக் கண்டுபிடிக்க முடிந்தால் கண்டுபிடியுங்கள்.

3

அடுத்து வீப்கே, எங்கள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர். அவளை எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை. பாவப்பட்டவளாக எழுதினால் உங்களுக்கு இரக்கம் வரும். ஆனால் கழுவாத கரண்டி ஒன்று தொட்டியில் கிடந்தால் கட்டடத்தில் இருக்கும் நாற்பது பேருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறவள் அவள். கரண்டியின் படத்தோடு.

முப்பத்தெட்டு வயது. பதினொரு வருடத்தில் ஏழு ஒப்பந்தங்கள். ஏழாவது மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குமேல் நீட்டிக்கச் சட்டம் இடம் தராது. நிரந்தர வேலை, இல்லையென்றால் வீடு. அந்த நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாருக்கு என்று, கார்னிவல் திருவிழா முடிந்த மறுநாளான சாம்பல் புதன்கிழமை, குழு கூடி முடிவு செய்யும். குழுவின் தலைவர் எங்கள் பேராசிரியர் டெஸ்டார்ஃப். வீப்கே கையில் இருந்த துருப்புச் சீட்டு, பதினேழாம் நாட்டைப் பற்றிய அவளுடைய கட்டுரை.

பேராசிரியருக்கு அந்தக் கட்டுரை மேல் உயிர். காபி இயந்திரத்தின் முன்னால் என்னை மடக்கினார்.

“கோமதி, நம்ம ஊர்ல எதிர்வீட்டுக்காரன் செத்தாக்கூட அவன் தபால் பெட்டி நிரம்பினாத்தான் கவனிப்போம். அங்க பாருங்க, தினம் ஒரு உதவி. ஏன் தெரியுமா? குளிரு. குளிர் மனுஷன மனுஷனோட ஒட்ட வைக்குது.”

“இங்கயும் குளிருதே, புரொபசர்.”

“இது ஈரக் குளிரு. அது வறண்ட குளிரு.”

“சரி, மாசம் முப்பத்தொண்ணுன்னா, பிப்ரவரியில என்ன பண்ணுவாங்க?”

“மூணு நாள் ரெண்டு ரெண்டு தடவ உதவுவாங்க” என்று சிரித்துக்கொண்டே போனார். ஓர் அமைச்சகம் இந்தக் கட்டுரையை வைத்து, அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேசத் தெருவுக்குத் தெரு பெஞ்சு போட யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த முப்பத்தொன்று எனக்குச் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்தியது. இருக்கைக்கு வந்து கோப்பைத் திறந்தேன். வயது 81, உதவி 99. வயது 84, உதவி 99. வயது 79, உதவி 99. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இப்படி. மாதம் தொண்ணூற்றொன்பது முறை வந்தால் அது பக்கத்து வீட்டார் இல்லை, மாமியார்.

கோப்பின் அடியில் “சரிபார்த்தவர்: கோமதி” என்று இருந்தது.

4

இந்த இடத்தில் கதை கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நானும் நின்றேன். கேள்வி கேட்கப் போனவர்கள் கிறுக்கிவைக்கும் குறிப்புகளுக்கென்று கோப்பின் கடைசியில் ஒரு பத்தி உண்டு. யாரும் படிப்பதில்லை. அன்று படித்தேன்.

“கேக் வெட்டிக் கொடுத்தார். கேள்வி 41 கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதை எழுதிக்கொள்ள வேண்டாம் என்றார்.”

“அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார். முடிந்த பிறகு, இன்னும் கேள்வி இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்.”

பூஜ்யம் என்று சொல்ல வெட்கப்பட்டவர்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டதை எல்லாம் கூட்டித்தான் ஐரோப்பாவிலேயே அன்பான நாட்டை நான் உண்டாக்கியிருந்தேன்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கோமதி உண்மையைச் சொல்கிறாள். கட்டுரை குப்பைக்குப் போகிறது. வீப்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு… இல்லை. கை வரவில்லை.

(ஆ) கோமதி சொல்லவில்லை. வீப்கேவுக்கு வேலை கிடைக்கிறது. தெருவுக்குத் தெரு பெஞ்சு வருகிறது. பெஞ்சில் யாரும்…

(இ) கணினி எரிந்துபோகிறது. இதை மூன்று நாள் வேண்டிக்கொண்டேன். ஜெர்மன் கணினி எரியாது.

இப்படியே பதினொரு நாள் ஓடிவிட்டது.

6

பன்னிரண்டாம் நாள் கார்னிவல் வியாழன். அன்று இந்த ஊர்ப் பெண்கள் கத்தரிக்கோலோடு அலைவார்கள். அகப்பட்ட ஆணின் டையை வெட்டலாம், அவன் கோபப்படக் கூடாது. ஆகவே ஆண்கள் கழித்துப்போட வைத்திருந்த டையைத் தேடிக் கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாரும் வேஷத்தில் வந்திருந்தார்கள். நான் மட்டும் ஸ்வெட்டர். ஒரு வருடம் சேலை கட்டிப் போனதற்கு “வேஷம் பிரமாதம்” என்றார்கள், அதோடு விட்டுவிட்டேன்.

வீப்கே தேனீ வேஷத்தில், முதுகில் இறக்கையோடு, சமையலறையில் கெட்டிலுக்கு வினிகர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வீப்கே, அந்தப் பதினேழாம் நாட்டுல ஒரு விஷயம்…”

“தொண்ணூத்தொம்பதா?” திரும்பாமலே கேட்டாள்.

சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

“எப்போலருந்து தெரியும்?”

“ஒம்பது நாளா.”

“ஏன் வாய தொறக்கல?”

“அடியில உங்க பேரு* இருக்கு. ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம் இருக்கு உங்களுக்கு. சொன்னா மொத உருள்றது உங்க தலதான்.”

“உன் வேலை?”

“அதுவும்தான். பொய் சொல்ல மாட்டேன். மொத நாலு நாள் என் வேலைய நெனச்சுதான் மூடிட்டு இருந்தேன். அப்புறம் அஞ்சு நாள் உங்கள நெனச்சு.”

நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். என் பதினொரு நாளில் பதினொன்றும் என்னை நினைத்தே போயிருந்தது. வீப்கேவின் வேலை, வீப்கேவின் வேலை என்று மேலே எழுதினேனே, அதெல்லாம் அவள் பெயரைச் சொல்லி நான் ஒளிந்துகொண்டது. வெட்கமாக இருந்தது. அழுதேவிட்டேன். தேனீ ஒன்று சமையலறைக் காகிதத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தது.

“கடைசிப் பத்தி படிச்சியா?” என்றேன்.

“படிச்சேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட பாட்டி.” கெட்டிலைக் கவிழ்த்துவைத்தாள். “நெஜமா எழுத வேண்டியது அதத்தான். பதில் சொல்லாதவங்கள பத்தி. ஒரு வருஷம் பிடிக்கும். எங்கிட்ட அஞ்சு வாரம் இருக்கு.”

“புரொபசர் மனசு வச்சா…”

“வைக்கலன்னா ரெண்டு பேரும் சேந்து பெஞ்சுல உக்காரலாம். அதான் தெருவுக்கு ஒண்ணு போடப்போறாங்களே.”

*ஜெர்மனில் நானும் அவளும் ஒருமையில்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் இருபத்துமூன்று வயது இளையவள் என்னை “உன் பேரு” என்பதாகத் தமிழில் எழுதக் கை கூசுகிறது. இந்த மரியாதை என் சொந்தச் செலவில்.

7

சேர்ந்தே போனோம். வீப்கே கையில் கத்தரிக்கோல். என் கையில் குறிப்புப் பத்தியின் அச்சுப்பிரதி, நாற்பத்திரண்டு பக்கம். கதவைத் தட்டுவதற்கு முன்பே பேராசிரியர் திறந்துவிட்டார். மூக்கில் சிவப்புப் பந்து, கழுத்தில் கறை படிந்த பழைய டை.

“வாங்க, வாங்க. காலையிலருந்து ஒருத்தியும் வரலயேன்னு பாத்துட்டே இருக்கேன்” என்று கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

நாங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறோம். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. எனக்கு வேண்டிய மாதிரி முடித்துவிடுவேன் என்று பயம். பத்தொன்பது வருடமாக ஊரார் பதிலைப் பொறுக்கியவள், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பொருத்தமான எண்ணை வட்டமிடுங்கள்.

கேள்வி 1: முதலில் எது?

1 – டை
2 – உண்மை
99 – பதில் சொல்ல விரும்பவில்லை

99 என்று போட்டாலும் தப்பில்லை. இந்த முறை அதை எதோடும் கூட்ட மாட்டேன். உங்கள் வீட்டு முகவரியை மட்டும் பக்கத்தில் எழுதிவையுங்கள். நேரில் வந்து கதவைத் தட்டுகிறேன்.